பத்து வருட ரயர் ஒப்பந்தம்

ஒஸ்லோவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஓர் ஒப்பந்தத்தை முறிக்க.

கூப்பிட்டவள் வசந்தி. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், பள்ளிக்கூட எல்லே அணியில் என்னோடு விளையாடியவள். நான் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறேன். அவள் ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். ஒருநாள் தொலைபேசியில் சத்தம் போட்டாள். "எடி பவானி, நீ தானே எந்த நேரமும் பேஸ்போல், பேஸ்போல் எண்டு சாகிறாய். உந்த வருசக்கணக்கு ஒப்பந்தம் எல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடு. ஒருக்கா வந்து என்ரை பிள்ளையை மீட்டுத் தா."

விஷயம் இதுதான். ஒஸ்லோவைச் சுற்றி இருக்கிற நம்மவர்கள் ஒவ்வொரு கோடையிலும் எல்லே போட்டி வைக்கிறார்கள். மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பங்களைச் சுற்றி ஓடி வரவேண்டும். பேஸ்போலின் ஏழைத் தங்கச்சிதான் எல்லே என்று நான் சொன்னால் வசந்திக்குப் பொல்லாத கோபம் வரும். எல்லேயின் பணக்காரத் தங்கச்சிதான் பேஸ்போல் என்பாள். முன்பு நாலு அணிகள் இருந்தன. இப்போது இரண்டுதான். ஒன்று ஒஸ்லோவின் ஓரத்து மோர்டென்ஸ்ருட், அதற்குத் தலைவி வசந்தி. மற்றது பக்கத்து நகரமான திராமன், அதற்கு எல்லாமே கணேசர் என்கிற கார் ரயர்க் கடைக்காரர். வசந்தியின் ஒரே மகள் நிரோஷா அடிப்பதோ திராமனுக்காக.

நோர்வேயில் வருடத்துக்கு இரண்டு தரம் காருக்கு ரயர் மாற்றவேண்டும். பனிக்கு நாலு, கோடைக்கு நாலு. கழற்றியதை வைக்க வீட்டில் இடம் இல்லாதவர்கள் கடையில் கொடுத்து வைப்பார்கள். அதற்கு 'ரயர் ஹோட்டல்' என்று பெயர். கணேசர் நன்றாக அடிக்கிற ஆட்களாகப் பார்த்து, "பத்து வருசம் எங்கட அணிக்கு விளையாடு, பத்து வருசம் உன்ரை குடும்பத்துக் காருக்கு ரயர் மாத்தித் தாறன், வைச்சும் தாறன்" என்று எழுதி ஒப்பம் வாங்கிவிட்டார். ஆறு வருடங்களாகக் கிண்ணம் திராமனை விட்டு அசையவில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போய் இரண்டு அணிகள் கலைந்தன. "இந்த முறையும் தோத்தால் நானும் கலைக்கிறன்" என்று வசந்தி சொல்லிவிட்டாள். அதோடு போட்டியே முடிந்துவிடும். கணேசர் தன் கிண்ணத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்கு இது நன்றாக விளங்கியது. பேஸ்போலிலும் இதே சண்டைதான். பெரிய நகரத்து அணிகள் ஒரு ஆளைப் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு, எண்ணி முடியாத மில்லியனுக்கு எழுதி வாங்கிவிடுகின்றன. சின்ன நகரம் பாலூட்டி வளர்த்த பிள்ளை, மீசை முளைத்ததும் பெரிய நகரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கமராவுக்குச் சிரிக்கும். செலவுக்கு உச்சவரம்பு கிடையாது, அளவு மீறினால் வரி மட்டும்தான். பணக்காரனுக்கு வரி ஒரு பொருட்டா? இதைப்பற்றி நான் பஸ் டிப்போவில் எத்தனையோ மதியச் சாப்பாட்டு நேரங்களைச் சண்டையில் கழித்திருக்கிறேன். ஆகவே என்னைவிடத் தகுதியான ஆள் வசந்திக்குக் கிடைக்காது என்ற பெருமையோடுதான் விமானம் ஏறினேன். அந்தப் பெருமை எவ்வளவு நாள் தாங்கியது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் நாளே வழி தவறினேன். சுரங்கத்தில் திருத்த வேலையாம், ரி-பான் என்கிற நகரச் சுரங்க ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். மோர்டென்ஸ்ருட் போகவேண்டிய நான், பெயரின் பின்பாதி ஒன்றாயிருக்கிறது என்ற தைரியத்தில் நகரத்தின் மற்ற மூலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பில் தனியே இறக்கப்பட்டேன். பஸ் ஓட்டுகிற எனக்கு இது தேவைதான். வழிதவறிய எத்தனை பேரை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்திருப்பேன்!

சாரதி சோமாலியர். நானும் சாரதிதான் என்று ஆங்கிலத்தில் சொன்னதும் முகம் மாறிவிட்டது. தன் தேநீர்ப் போத்தலைத் திறந்து பாதியை மூடியில் ஊற்றித் தந்தார். பனிக்காலத்தில் உங்கள் பஸ் மேட்டில் வழுக்குமா என்று கேட்டார். வழுக்கும் என்றேன். திருப்தியோடு தலையாட்டினார். பிறகு ஒரு துண்டில் எந்த இலக்கத்தில் ஏறவேண்டும் என்று எழுதித் தந்து, அடுத்த பஸ் சாரதியிடம் என்னைக் கையளித்தார். ரொறன்ரோவில் நான் எவருக்கும் இவ்வளவு செய்ததில்லை என்பது உறைத்தது.

வசந்தி ரின்மீன் சம்பலும் பாணும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தக்காளிச் சாற்றில் ஊறவைத்துத் தகரத்தில் அடைத்த நோர்வே மீன். அதில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசைந்தால், தேசம் மாறியதே தெரியாது. சாப்பிடத் தொடங்கியதுமே ஆரம்பித்தாள்.

"ஆர் கேட்டது அவளை, என்ரை காருக்கு ரயர் மாத்தித் தா எண்டு? நாலு ரயருக்குத் தாயை வித்துப்போட்டாள். அந்தக் கடைப் பக்கமே என்ரை கார் போகாது."

"அவளோடை கதைச்சனியோ?"

"கதைக்கிறனான் தான். வேலை, வீட்டு வாடகை, காய்ச்சல் எல்லாம் கதைப்பம். எல்லே எண்டு வாயெடுக்க மாட்டம். போட்டி வாற கிழமையிலை அதுவும் இல்லை. ஆறு வருசமாய் இப்பிடித்தான்."

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு பாண் வைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. வசந்தி அழுது நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள், ஆசியக் கடைகள் நிறைந்த குறொன்லாண்டுக்குப் போனோம். போட்டிக்கு வருகிறவர்களுக்கு ரோல்ஸ் சுற்றிப் பொரிக்கவேண்டும், அதற்குச் சாமான். ரி-பான் அன்றைக்கு நல்ல பிள்ளையாக ஓடியது. எதிரே இருந்த இரண்டு வயதான பெண்கள் ஏதோ உரத்து விவாதித்தார்கள். வசந்தி காதுக்குள் மொழிபெயர்த்தாள். "அந்த மனிசி சொல்லுறா, வெளிநாட்டு ஸ்ட்ரோபெரி தண்ணியாம். நோர்வேப் பழம் வரும்வரைக்கும் வாயிலை வைக்க மாட்டாவாம்." எங்களுடைய கறுத்தக்கொழும்பான் மாம்பழ வழக்கேதான். குளிர் நாட்டுக்கும் அதே நாக்குத் திமிர் இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

கடையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், உறைந்த மரவள்ளி எல்லாம் ரொறன்ரோ போலவே அடுக்கியிருந்தது. அங்கே எங்களுக்கு மூட்டை தூக்க வந்து சேர்ந்தவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது, கணினி வேலை. மோர்டென்ஸ்ருட் அணியில் விளையாடுகிறார்.

"எல்லே உங்கட ஊரிலை இல்லையே, எப்பிடிப் பழகினீங்கள்?" என்று கேட்டேன்.

"டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடின கைதானுங்க அக்கா. பந்து தூரம் போகும். ஆனா என் கைக்கு பேட்டே வர்றதில்ல."

"ஏன்?"

"நான் பத்தாவது ஆளு. அதுக்குள்ள பால் முடிஞ்சிடும்."

வசந்தி கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "தம்பி, மூட்டையைப் பிடியும்" என்றாள். நானும் அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். என் புத்தி முழுக்கக் கணேசரிடம் இருந்தது.

மூன்றாம் நாள் திராமனுக்கு ரயில். நான் மட்டும் போனேன். வசந்தி வரமாட்டேன் என்றுவிட்டாள். நிலையத்தில் இறங்கினால் அகன்ற ஆறு, இரு கரையிலும் நடைபாதை, அதில் சைக்கிள்களும் பிள்ளைவண்டிகளும். ஆற்றங்கரை வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பேசப்போகிறதை ஒத்திகை பார்த்தேன். பேஸ்போல் ஒப்பந்தங்களில் 'இடையில் விலகும் உரிமை' என்று ஒன்று எழுதுவார்கள். நாலோ ஐந்தோ வருடம் விளையாடியபிறகு வீரர் விரும்பினால் வெளியேறலாம். அது இல்லாவிட்டால் அணிக்கு அணி ஆள் மாற்றிக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றை வைத்துக் கணேசரை மடக்குவது என்று தீர்மானித்தேன்.

கணேசர் அறுபது வயது மனிதர், முழங்கை வரை கறுப்பு எண்ணெய். என்னை ஒரு ஸ்டூலில் இருத்தி, கோப்பியும், பழுப்புப் பாற்கட்டியைச் சீவிப் போட்ட பாணும் தந்தார். இனிப்பும் உப்பும் கலந்த அந்தப் பாற்கட்டியைத் தின்றால் பால்ரொபியைப் பாணில் பூசியதுபோல் இருக்கிறது. இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

ஒப்பந்தத்தைக் காட்டினார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், மணிமணியான தமிழ்க் கையெழுத்தில் ஐந்தே வரி. நான் இரண்டு தரம் வாசித்தேன். விலகும் உரிமை இல்லை.

"அப்ப ஆள் மாத்துவம், அண்ணை. நிரோஷாவைத் தாங்கோ, நாங்கள் இரண்டு பேர் தாறம்."

"ஆரைத் தருவியள், தங்கச்சி?"

யோசித்தேன். வசந்தியின் அணியில் எனக்குத் தெரிந்த பெயர் வசந்தியும் கார்த்திக்கும்தான். கோப்பிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தேன்.

கணேசர் சிரிக்கவில்லை. பெருமூச்சுவிட்டுக்கொண்டு என்னைப் பின்னால் கூட்டிப்போனார். கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள், அவற்றில் ரயர்கள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர்.

"இதைப் பாருங்கோ. ஒப்பம் வைக்கேக்கை எல்லாரும் மான் மாதிரி ஓடினவை. இவருக்கு முழங்கால் போய் இரண்டு வருசம். உவர் வடக்கை வேலை கிடைச்சுப் போயிட்டார், ரயர் மாத்த மட்டும் வாறார். அங்கை மூண்டு தட்டு நிறைய இருக்கே, அவர் ஒருத்தர் தான். கலியாணம் கட்டி, மாமன் மாமியையும் கூப்பிட்டு, மூண்டு காராக்கிப்போட்டார். நான் மடையன், 'குடும்பத்துக் கார்' எண்டு எழுதிப்போட்டன்."

"அப்ப முறிச்சு விடுங்கோவன்."

"எழுதிக் குடுத்திட்டன், தங்கச்சி. அவை ஓடினாலும் ஓடாட்டிலும் பத்து வருசம் மாத்திக் குடுக்கத்தான் வேணும்."

எனக்கு அந்த மனிதரில் சட்டென்று மதிப்பு வந்துவிட்டது. பேஸ்போலிலும் நீண்ட ஒப்பந்தத்தின் வால்பக்கம் இப்படித்தான். முப்பது வயதில் வாங்கிய வீரனை நாற்பது வயதிலும் சுமக்கவேண்டும். ஆனால் அங்கே அதைச் சுமப்பவர்கள் கோடீஸ்வரர்கள். இங்கே ஒரு மனிதர் தன் முதுகெலும்பால் சுமக்கிறார், ஒரு சொல்லுக்காக. எதிரி முகாமில் நின்றுகொண்டு எனக்குப் பெருமை பொங்கியது. சங்கடமாகவும் இருந்தது.

அப்போதுதான் கடைசித் தட்டைக் கண்டேன். 'நிரோஷா' என்று எழுதியிருந்தது. ஒரு ரயரும் இல்லை. தூசி மட்டும்.

"அது எப்பவும் வெறுமைதான்" என்றார் கணேசர். "தாய் தன்ரை காரைக் கொண்டுவர மாட்டா. பிள்ளைக்குக் கார் இல்லை, வேலைக்கு ஓடுற வான் கொம்பனியின்ரை. ஒப்பம் வைக்கேக்கை லைசன்சே இல்லை. ஆறு வருசத்திலை என்னட்டை இருந்து ஒரு ஆணியும் வாங்கேல்லை."

"அப்ப என்னத்துக்கு உங்களுக்கு விளையாடுறாள்?"

"அதை அவளிட்டைக் கேளுங்கோ."

நாலாம் நாள் கேட்டேன். நிரோஷா மின்வேலை செய்கிறவள், இருபத்தைந்து வயது. வேலை முடிந்து, ஒளிரும் பட்டி வைத்த காற்சட்டையோடு குறொன்லாண்டுக்கு நேரே வந்தாள். இரண்டு றொட்டிச் சுருள் வாங்கிக்கொண்டு ஆற்றோரம் இருந்தோம். ஒரு கடற்புறா என் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒஸ்லோக் கடற்புறாக்களுக்கு உறைப்பும் பழகிவிட்டதாம்.

"அன்ரி, நீங்கள் என்னை 'மீட்க' வந்தனீங்கள் எண்டு தெரியும்" என்றாள். "நான் வரமாட்டன். அவ்தாலெ எண்டால் அவ்தாலெ தான்." ஒப்பந்தத்துக்கு நோர்வே மொழியில் அப்படிச் சொல்வார்கள். "கையெழுத்து வைச்சனான். இன்னும் நாலு வருசம் இருக்கு."

"ரயர் ஒண்டும் வாங்காத ஒப்பந்தத்துக்கு என்ன பிள்ளை இவ்வளவு விசுவாசம்?"

"ரயருக்கு ஆர் கையெழுத்து வைச்சது? கணேஸ் மாமா என்னை முதலாவதாய் இறக்கிறன் எண்டவர். அதுக்குத்தான் வைச்சனான்." சுருளை மடியில் வைத்தாள். "அம்மாட அணியின்ரை லிஸ்ற்றை நீங்கள் பாக்கேல்லையோ? வயசு வயசாய் எழுதுவா. மூத்தவை முதல். ஒரு அணிக்கு இருபது பந்து, ஒரு ஆளுக்கு மூண்டு பந்து. மூத்தவை மூண்டு மூண்டாய் முடிச்சுப்போட்டால் ஏழு பேரோடை சரி. நான் பதினோராவது. இரண்டு வருசம் சும்மா நிண்டன். ஒரு பந்தும் அடிக்கேல்லை. அம்மாட்டைக் கேட்டன், ஒருக்கா என்னை முன்னுக்கு விடுங்கோ எண்டு. 'பெரியாக்கள் நிக்க நீ முன்னுக்குப் போறதோ' எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஏசினா. அண்டைக்குத்தான் மாமாட்டைப் போனனான்."

ஆறு வருடத் தோல்விக்குக் கணேசரின் ரயர் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். தடி பிடிக்கத் தெரிந்த கார்த்திக் பத்தாவது ஆளாய்ப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அதை அவரே என்னிடம் சொல்லியும் நான் கவனிக்கவில்லை. பணக்கார அணியின் ஒப்பந்தங்களைத் திட்டுவது சுகமான வேலை. அந்தச் சுகத்தில் சொந்த அணியின் மடத்தனம் கண்ணில் படாது. ரொறன்ரோவிலும் நான் இருபது வருடமாய் அதைத்தானே செய்துவந்தேன்.

அன்று பின்னேரம் சமையலறையில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டே வசந்தியிடம் எல்லாம் சொன்னேன். வெறுமையாய் இருந்த தட்டையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அவளின்ரை வேலை வான் ரயரும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

சுற்றிய ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். பிறகு வழக்கம்போல் சீறினாள். "வயசுக்கு மரியாதை குடுக்கிறது பிழையோ? இந்தப் போட்டியைத் துவக்கினது அவையள். புல்லு வெட்டினது, கோடு போட்டது, குளிருக்கை நிண்டு சமைச்சது எல்லாம் அவையள். அவையைப் பின்னாலை விடச் சொல்லுறியோ?"

"வசந்தி, பேஸ்போலிலை ஒரு கூத்து நடக்கும். பத்து வருசத்துக்கு எழுதின பெரிய ஆள், கடைசி வருசங்களிலை பந்தைக் காணவே மாட்டார். ஆனாலும் அவரைத்தான் மூண்டாவதாய் இறக்குவினம். பேருக்குப் பயம். அணி தோக்கும். ஒருத்தரும் வாய் திறவாயினம்."

"அப்ப நான் தான் அந்தக் கிழடோ?"

"உனக்கும் எனக்கும் ஒரே வயசு" என்றேன்.

மாவுக் கையோடு என் முதுகில் ஒன்று போட்டாள். மீதி ரோல்ஸ் முழுவதையும் தானே சுற்றி முடித்தாள்.

ஐந்தாம் நாள் ஞாயிறு, தூறல். மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் காலையே எல்லோரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நோர்வேக்காரர் இதை டுக்னாட் என்கிறார்கள். கூலியில்லாமல் ஊரே கூடிச் செய்கிற வேலை. கார்த்திக் சுண்ணாம்புக் கோடு போட்டார். திராமன்காரர் எதிரணியின் கூடாரத்துக்கும் தாங்களே முளை அடித்தார்கள். ஒரு மேசையில் ரோல்ஸ், பக்கத்தில் வாஃபல் என்கிற இனிப்பு அப்பம் சுடுகிற இரும்பு. வாஃபல் இல்லாமல் இந்த நாட்டில் விளையாட்டு நடக்காதாம். நடுவருக்கு ஆள் தேடினார்கள். இரண்டு அணியிலும் இல்லாதவள், அதோடு பேஸ்போல் நாட்டு ஆள் என்று என் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள்.

இரு அணித் தலைவர்களும் லிஸ்ற்றை நடுவரிடம் கொடுக்கவேண்டும், நடுவர் உரத்து வாசிக்கவேண்டும். திராமன் பட்டியலில் முதலாவது நிரோஷா. வசந்தி தன்னுடையதை நாலாய் மடித்துக் கையில் தந்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் போய்விட்டாள். விரித்தேன்.

"முதலாவது, கார்த்திக்" என்று வாசித்தேன். கார்த்திக் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு கார்த்திக் யாராவது நிற்கிறார்களோ என்று. பிறகு இளம் பெயர்கள் ஒவ்வொன்றாய் வந்தன. பதினோராவது பெயர் வசந்தி.

மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தேன். சொல்லி வைத்திருக்கிறாள் போலும், ஒருவரும் சுளிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நிரோஷா தடியை ஊன்றிக்கொண்டு தாயையே பார்த்தபடி நின்றாள்.

கார்த்திக் முதல் பந்தையே வேலிக்கு அப்பால் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் எவரும் எதிர்பார்க்காதது நடந்தது. இளையவர்கள் முதல் பந்திலேயே அடித்துவிட்டு ஓட, பந்துகள் மிச்சப்பட்டன. பின்னால் நின்ற மூத்தவர்களுக்கும் ஒவ்வொருவராய்த் தடி கிடைத்தது. பதினோராவதாய் வசந்தி வந்தபோதும் இரண்டு பந்து கையில் இருந்தது. ஒன்றைத் தவறவிட்டாள். மற்றதைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்க முதல் கம்பம் வரை ஓடினாள். மோர்டென்ஸ்ருட் ஆறு ஓட்டம். முந்திய வருடங்களில் மூன்றைத் தாண்டியதில்லை. நடுவர் கைதட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு தரம் தட்டிவிட்டேன்.

திராமன் விடவில்லை. முழங்கால் போனவர்கூட நொண்டி நொண்டி ஒரு ஓட்டம் எடுத்தார். ஆறுக்கு ஆறு. ஒரே ஒரு பந்து பாக்கி. சுற்று முடிந்து மறுபடி நிரோஷாவின் முறை. வசந்தி தூரத்து மூலையில், தூறலில், கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை வேண்டுமென்று மெல்லத் தட்டிவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். அப்படிச் செய்திருந்தால் அன்றோடு எனக்கு இரண்டு பேரிலும் மதிப்புப் போயிருக்கும். நிரோஷா முழுப் பலத்தோடு அடித்தாள். பந்து தாயின் தலைக்கு மேலால் போயிற்று. வசந்தி பின்னுக்கு ஓடி, எட்டிப் பாய்ந்து, விரல் நுனியால் தொட்டும் பிடிபடாமல், ஈரப் புல்லில் நெடுஞ்சாணாக விழுந்தாள். நான் நடுவர் வேலையை மறந்து அவளிடம் ஓடினேன்.

"பந்து போயிட்டுதோ?" என்று கேட்டாள், முகத்தில் சேற்றோடு.

"போயிட்டுது."

"எவ்வளவு தூரம்?"

"அந்தப் பேர்ச் மரத்தடி வரை."

கையை ஊன்றி எழும்பி மரத்தைப் பார்த்தாள். "என்ரை பிள்ளை" என்றாள். அந்த இரண்டு சொல்லிலும் இருந்த பெருமையை நான் எந்த வெற்றிப் பேச்சிலும் கேட்டதில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது, அவளுக்கு இல்லை.

கிண்ணம் கணேசருக்கே போனது. எல்லோரும் வாஃபல் மேசையைச் சுற்றி நின்றபோது வசந்தி என்னிடம் லிஸ்ற்றைத் திருப்பிக் கேட்டாள், பேனையும் கேட்டாள். பின்பக்கத்தில் எழுதி மகளிடம் நீட்டினாள். நிரோஷா தமிழைக் கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பாள். வாசிக்க வாசிக்க நாங்கள் எல்லோரும் கேட்டோம். "திராமன் ஒப்பந்தம் முடிகிற அன்றிலிருந்து, மோர்டென்ஸ்ருட் அணியில் முதலாவதாய் அடிப்பவர் நிரோஷா."

நாலு வருடம் கழித்து முதலாவதாய் இறக்குவதற்கு, அதுவரை ஓர் அணி இருக்கவேண்டுமே. மூத்தவர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஒருவர் அடுத்த வருடத்துக்குப் புது மூங்கில் தடி யார் கொண்டுவருவது என்று கேட்கத் தொடங்கினார்.

"ரயர் ஒண்டும் இல்லையோ?" என்றாள் நிரோஷா.

"இல்லை. முதல் இடம் மட்டும் தான்."

"எத்தினை வருசத்துக்கு, அம்மா?"

"நீ சொல்லு."

கணேசர் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் குறுக்கே வந்தார். "பொறுங்கோ, பொறுங்கோ! அவள் இன்னும் நாலு வருசம் என்ரை ஆள். என்ரை கண் முன்னாலையே பேரம் பேசுறியளோ? அம்பயர், இது பிழைதானே? உங்கட பேஸ்போலிலை இப்பிடி விடுவினமோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விடமாட்டார்கள். இன்னோர் அணியோடு ஒப்பந்தத்தில் இருக்கிறவரிடம் பேரம் பேசுவது பேஸ்போலில் பெரிய குற்றம். விதி முழுக்கக் கணேசர் பக்கம்தான். நான் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"பிழைதான், அண்ணை" என்றேன். "ஆனால் ஆறு வருசத்துக்குப் பிறகு தாயும் பிள்ளையும் எல்லேயைப் பற்றிக் கதைக்கினம். அதுக்கு என்னாலை விசில் அடிக்க ஏலாது. நீங்கள் வேணுமெண்டால் அடியுங்கோ."

கணேசர் விசிலைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.